பூ வைக்காத அடுக்கு

“எப்படி இருக்கீங்க?” என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்.

பினாங்கின் கெலுகோரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லிவைப்பார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, ஒரு மரியாதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

அவர் கையிலிருந்த ஈரத்துணியைத் திரும்ப வாளியில் போட்டார். “இண்டைக்குப் பரவாயில்லை, பிள்ளை. போன கிழமைதான் மோசம். கட்டிலை விட்டு எழும்ப ஏலேல்லை. குளிக்கவும் மனமில்லை. எனக்கு மனசிலதான் வருத்தம். டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்கிறார்,” என்றார். சளி பிடித்திருக்கிறது என்று சொல்கிற அதே குரல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்ட். கணவருக்குக் கப்பலில் வேலை. வந்தால் கொஞ்ச நாள் இருப்பார், போனால் மாதக்கணக்கில் போய்விடுவார். எனக்கு இயல்பாகவே அடுத்தவர் கதை கேட்கப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு பக்கத்து வீடு வாய்த்தது.

அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நோயை அவர்கள் வருத்தம் என்றுதான் சொல்வார்கள். கணவர் அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து காலமாகிவிட்டார். ஒரே மகள் மாலினி, பேங்க்கில் வேலை பார்த்தாள். இவர் வீட்டிலிருந்தபடியே கல்யாணக் கேக் செய்து கொடுப்பார். தெருவே அவரைக் கேக் ஆண்ட்டி என்று கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கேக் என்றால் சாதாரணக் கேக் இல்லை. மூன்று அடுக்கு, நடுவில் வெள்ளைத் தூண்கள், மேலிருந்து கீழ்வரை சீனியில் செய்த பூக்கள். உள்ளே உலர்திராட்சையும் பாலிக் புலாவிலிருந்து வரும் ஜாதிக்காய் ஊறலும் பொடியாக நறுக்கிப் போட்டிருக்கும். கல்யாணத்தன்று அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, பளபளப்பான தாளில் சுற்றி, வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்கள். பினாங்கு ஈரக்காற்றில் சீனிப் பூ வியர்த்துப்போகும் என்று, பிஸ்கட் தகரத்தில் அரிசியைக் கொட்டி அதன்மேல் பூக்களை அடுக்கி மூடி வைத்திருப்பார். மல்லிகை மொட்டை அவர் செய்து வைத்தால் கூந்தலில் வைக்கத்தான் கை போகும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தான் சொல்லி முடித்ததும், “நீர் எப்பிடி?” என்று திருப்பிக் கேட்பார். நல்லா இருக்கேன் என்று நாம் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஐசிங் பையைக் கையில் பிடித்தபடி, குழல் முனையை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு, பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது குறுக்கே பேச வந்தால் அந்தப் பையைக் கொஞ்சம் உயர்த்துவார். பொறு என்று அர்த்தம்.

ஒருநாள் நானும் மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனவளிடம் அதே கேள்வி. நல்லா இருக்கேன் ஆண்ட்டி என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் மனுஷி தாங்குவாள்? வாயைத் திறந்துவிட்டேன். ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை என்றும், பூட்டிய கதவைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றும், ஆயர் ஈத்தாம் வரைக்கும் சும்மா காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறேன் என்றும் சொன்னேன். என் அம்மாவிடம்கூட நான் சொல்லாத விஷயம்.

அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “அப்ப நாளைக்கு என்னையும் ஏத்திக்கொண்டு போம். எனக்கு அங்க முட்டை வாங்கவேணும்,” என்றார்.

அப்படித்தான் நான் கேக் வண்டி ஓட்டுகிறவள் ஆனேன். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் முட்டை, பட்டணத்தில் ஐசிங் சீனி, பிறகு கல்யாண மண்டபம். பின் சீட்டில் கேக் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, நடுவே அவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார். நான் பிரேக் போட்டால் திட்டுவார்.

ஒருமுறை பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்காக கேக்கோடு ஃபெரி ஏறப் போனோம். டிக்கெட் கொடுத்த மலாய்க்காரர் நல்ல மனிதர். பழக்கத்தில், “ஆப்பா காபார், காக்கா?” என்று அக்கா முறை வைத்து நலம் விசாரித்தார். எல்லாரும் ‘காபார் பாயிக்’, நலம்தான், என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் கார்க் கண்ணாடியை இறக்கி, நலமில்லை என்று மலாயில் தொடங்கி, விடிகிற நேரத்தில் நெஞ்சில் பாரமாக இருப்பதையும் எதுவுமே வேண்டாம் என்று தோன்றுவதையும் விவரமாகச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். டிக்கெட்காரர் கடைசிவரை கேட்டார். அடுத்த தடவை போனபோது அவரே எங்கள் காரைத் தேடி வந்து, நெஞ்சுப் பாரம் எப்படி என்று கேட்டார்.

ஆனால் நம் ஆட்கள் அந்த டிக்கெட்காரர் இல்லையே. பேராக்கில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரையே வசவாக வைத்துக்கொண்டிருக்கிற ஜனம் நாம். ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா லட்டுவை வாயில் போட்டுக்கொண்டே இவரிடம் சுகமா என்று கேட்டிருக்கிறார். இவர் அந்த ஆஸ்பத்திரியில் தான் இருந்த நாட்களைச் சொல்லத் தொடங்கவும், மனிதருக்கு லட்டு தொண்டையில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டாகிப்போனது. கேக் அவரிடம்தான் சொல்வார்கள். ஏனென்றால் அந்தக் கை வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் கல்யாணப் பத்திரிகை வராது. “நீங்க மட்டும் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க லா, அக்கா. ஆண்ட்டிக்கு எதுக்குச் சிரமம்,” என்று என்னிடம் நைசாகச் சொல்வார்கள்.

அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? “நான் வந்தா கதைப்பன் எண்டு பயம். கேக் கதைக்காது,” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டுப் பூவில் இதழ் வைக்கப் போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

தெரியாத்தனமாக யாராவது அழைத்துவிட்டால் அவர் போகாமல் இருக்கவும் மாட்டார். அப்படி ஒரு பந்தியில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண்கள் தங்கள் இனிப்பு நீரையும் டாரா திங்கியையும் பற்றி, அதாவது சர்க்கரை வியாதியையும் இரத்தக் கொதிப்பையும் பற்றி, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டே அலசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எத்தனை மாத்திரை என்று போட்டியே நடந்தது. இவர் தன் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்து, இது எனக்கு மனசுக்கு, என்றார். ஒருத்தி இலையை மடித்துவிட்டாள். “உங்கட வருத்தத்தைச் சோத்து மேசையில கதைக்கிறீங்கள். என்ர வருத்தத்தை மட்டும் கதவைச் சாத்திப்போட்டே கதைக்கவேணும்?” என்று கேட்டுவிட்டு மாத்திரையை மோரோடு விழுங்கினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, ஆனால் நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

இன்னொரு ரகமும் இருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் அம்மா ஒருவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்ல வந்திருந்தார். தகரத்தைத் திறந்து பூக்களைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட மனம் இருப்பவர்களுக்குத்தான் இப்படிக் கலை கைகூடும், நோயும் ஒரு வரம்தான் என்கிற மாதிரி உருக்கமாகப் பேசினார். ஆண்ட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வருத்தம் கூடினால் தன்னால் ஒரு முட்டையை உடைக்கவும் முடியாது, பூ எல்லாம் மருந்து வேலை செய்கிற நாளில் செய்தது என்றார். அப்புறம் கேக்கில் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். விரிவுரையாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கோ அவரை அப்போதுதான் நிஜமாகவே பிடித்துப்போனது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாலினிக்கு இருபத்தெட்டு வயது ஆகிக்கொண்டிருந்தது.

இரண்டு இடம் வந்து கலைந்துபோயிருந்தது. இரண்டு தடவையும் பெண் பார்க்க வந்தவர்கள் நலம் விசாரித்தார்கள், அம்மா பதில் சொன்னார், அவ்வளவுதான். மூன்றாவது, ஈப்போ பையன். மாலினி வேலை பார்த்த பேங்க்கிலேயே அவனும். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. அவனிடம் மாலினி எல்லாம் சொல்லியிருந்தாள். அவன் அம்மாவிடம் சொல்லத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மாவும் யாழ்ப்பாணத்து வழிதான். கணவரை இழந்தவர், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர், மகன் சம்பந்தத்தில் எல்லாம் துருவிப் பார்க்கிறவர் என்று கேள்வி.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின சனிக்கிழமை நான் ஆண்ட்டியின் அடுப்படியில் இருந்தேன். மாலினி அம்மாவின் எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அம்மா, ஒரே ஒரு நாள். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தானேம்மா சொல்றாங்க? இதுவும் போயிடுச்சின்னா நான் இனிமே யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. ஆண்ட்டி கையிலிருந்த ஐசிங் பையைக் கீழே வைத்து, சரி பிள்ளை, என்றார்.

ஈப்போ அம்மா வந்தார். சேலையில் ஒரு சுருக்கம் கிடையாது, முகத்தில் ஒரு சிரிப்பும் கிடையாது. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “எப்பிடிச் சுகம்?” மாலினி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

“நல்லா இருக்கிறன்,” என்றார் ஆண்ட்டி.

அப்பாடா என்று இருந்தது. பேச்சு கேக், கோயில், நாள் நட்சத்திரம் என்று போய், எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். ஆண்ட்டி அந்த அம்மாவிடம், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்கவில்லை. அவரோடு பழகிய இத்தனை வருடத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

மகள் கல்யாணத்துக்கு அவர் செய்யப்போகும் கேக்கைப் பற்றித் தெருவே பேசியது. ஒரு மாதத்துக்கு முன்பே கேக்கைச் சுட்டு ஊறவைத்து, வெள்ளை ஐசிங் பூசினார். கீழ் அடுக்குக்கு மல்லிகை மொட்டும் ஆர்க்கிட்டும். அவர் செய்ததிலேயே அதுதான் அழகு என்று நான் சத்தியம் செய்வேன். நடு அடுக்கு பாதி வந்தது. பிறகு நான் எட்டிப்பார்த்தபோதெல்லாம் அந்தப் பாதி அப்படியே இருந்தது. சமையலறை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி எப்போதும் நிற்கும் மருந்துப் போத்தலைக் காணோம். சம்பந்தி வீட்டார் வந்துபோகிற நேரம், உள்ளே எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அவர் வெளியே வரவில்லை. கொடியில் போட்ட துணி மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. மாலினி என்னைக் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலை சிக்கேறிக் கிடந்தது. மாலினியின் கையில் மருந்துப் போத்தல். துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்ததாம். பெண் பார்த்த வாரத்தில் வாங்கி வந்தது, மூடிகூடத் திறக்கவில்லை.

“ஏம்மா?” என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பியபடியே சொன்னார். “நல்லா இருக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன். நல்லா இருக்கிற ஆளுக்கு ஏன் பிள்ளை மருந்து?”

நமக்கெல்லாம் அது வாயில் வருகிற காற்று. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறோம்! அவருக்குப் பழக்கமில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னவர், சொன்னதைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். மாலினி அந்தப் போத்தலோடு தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். நான் காரை எடுத்தேன். டாக்டர் ஊசி போட்டு, மாத்திரையை மறுபடி தொடங்கி, பழையபடி ஆக வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை.

உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டெங்கிக் காய்ச்சல் என்று சொல்லி அம்மாவை வீட்டிலேயே விட்டுவிடலாம், கேக்கைப் பட்டணத்துப் பேக்கரியில் வாங்கிக்கொள்ளலாம். மாலினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், அம்மா வருவார், அம்மா செய்த கேக்தான் வரும் என்றாள். பாதியில் நிற்கிறதே என்றேன். பாதியாகவே வரட்டும் என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் கேக்கை நானே மண்டபத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினேன். கீழே தோட்டமாகப் பூ. நடுவில் பாதி வட்டம் வரைக்கும் பூ. மேல் அடுக்கு வெறும் வெள்ளை. ஆண்ட்டிக்கு நான்தான் தலைவாரி, மாம்பழ நிறச் சேலை கட்டிவிட்டு, ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருந்தேன். இரண்டு கையும் மடியில் கிடக்க, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையை மணவறையில் உட்கார வைத்துவிட்டு ஈப்போ அம்மா நேராகக் கேக் மேசைக்கு வந்து, மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்ன, மேலே பூ இல்லையே என்று என்னிடம் கேட்டார். நான் மென்று விழுங்கி, ஈரக்காற்று, சீனி, வியர்வை என்று என்னவோ உளறத் தொடங்கினேன். மேசைக்குப் பக்கத்திலிருந்த பெண் அறையின் கதவு திறந்தது. சடைக்குப் பூ பாதிதான் வைத்திருந்தார்கள். அப்படியே வந்து நின்றாள் மாலினி.

“அம்மாவுக்கு மனசுல வருத்தம், மாமி. ரொம்ப வருசமா இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் இருந்திருக்காங்க. உங்க கிட்ட மறைக்கச் சொன்னது நான்தான். மறைக்கிறதுக்காக மருந்தையும் விட்டுட்டாங்க. கேக்குல பூ இருக்கிற வரைக்கும் அவங்களால முடிஞ்சுது. அதுக்கு மேல முடியல.” ஒரே மூச்சில் சொன்னாள். குரல் உடையவில்லை. அம்மாவுடைய அதே குரல், சளி பிடித்ததைச் சொல்கிற குரல். “தாலி கட்டுறதுக்கு முன்னாடி தெரியணும்னு சொல்றேன்.”

தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த மேளக்காரர் கையை எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், இதையெல்லாம் இப்போதா சொல்வது என்று சத்தமாகவே கேட்டார். மாப்பிள்ளை மணவறையிலிருந்து எழுந்து வந்து மாலினியின் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்த மட்டுக்கும் தைரியம் வந்ததே என்று நினைத்தேன்.

ஈப்போ அம்மா மண்டபத்தைக் கடந்து மின்விசிறிக்குக் கீழே போனார். ஒரு நாற்காலியை இழுத்து ஆண்ட்டியின் எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன். ஏதாவது கடுமையாகச் சொன்னால் விடுவதில்லை என்றுதான் போனேன்.

“எப்பிடி இருக்கிறீங்கள்?” என்றார்.

ஆண்ட்டி தலையை நிமிர்த்தவே கொஞ்ச நேரம் ஆனது. “நல்லா இல்லை,” என்றார். பிறகு, அந்த இரண்டு வார்த்தையிலேயே களைத்துப்போனவர் மாதிரி மூச்சு வாங்கிவிட்டு, “நீங்கள்?” என்று கேட்டார்.

நல்லா இருக்கிறேன் என்று சொல்ல அந்த அம்மா வாயைத் திறந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆண்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் மூடியது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். சுருக்கம் விழுந்தது.

“இவர் போனதில இருந்து எனக்கு நித்திரை இல்லை,” என்றார் ஈப்போ அம்மா. “ராவில எழும்பி வீட்டுக்குள்ள நடப்பன். மகனுக்குத் தெரியாது. ஒருத்தரும் கேக்கேல்லை, நானும்…”

முகூர்த்தம் நெருங்கிவிட்டது, சம்பந்தியம்மா இரண்டு பேரும் வாருங்கள் என்று மணவறையிலிருந்து ஐயர் கூப்பிட்டார். பதில் இல்லை என்றதும் எழுந்தே வந்துவிட்டார். ஆண்ட்டி அவர் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாளாக மடியில் செத்துக் கிடந்த அந்தக் கையை மட்டும், ஐசிங் பை இருப்பது போலவே கொஞ்சம் உயர்த்தினார்.

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா. இவ சொல்லி முடிக்கட்டும்.”

தாலி கட்டக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆனது.